தாராபுரம்: ஏடுகள் காட்டும் ஊர்

சங்கப் புலவர் ஆன்பொருநை எனப் பாடிய அமராவதியின் கரையில் அமைந்த ஊர் தாராபுரம். பழனிக்குச் செல்லும் வழியில் இதனைக் கடப்போர், வட்டத் தலைநகர் ஒன்று என்றே எண்ணுவர். கொங்கு நாட்டின் ஒரு பாதியை ஆண்ட தலைமையிடம் இது என்று சொல்லக் கோட்டை இல்லை. 1792இல் அது இடிக்கப்பட்டது. சான்று கூறுவன ஏடுகளும் நிலப்படங்களுமே.

1768இல் ஆங்கிலேயர் இக்கோட்டையைப் பிடித்தனர். அவ்வாண்டே ஐதர் மீட்டார். 1783இல் மீண்டும் அவர்கள் வசமாகி, 1784ஆம் ஆண்டு மங்களூர் உடன்படிக்கையால் திப்புவிடம் திரும்பியது. 1790இல் மெடோசின் படை கைப்பற்றியது. திப்பு வீழ்ந்த 1799க்குப்பின் கொங்குப் பகுதி இரு கலெக்டர்களின் கீழ் வந்தது: வடபாகத்திற்குப் பவானி, தென்பாகத்திற்குத் தாராபுரம். 1804இல் இரண்டும் இணைய, கோயமுத்தூர் தலைநகராயிற்று. 1862இல் போத்தனூரை எட்டிய இருப்புப்பாதை ஈரோடு, திருப்பூர் வழியே சென்றது, தாராபுரத்தைத் தொடவில்லை. ஆறும் வயலும் இருந்த இடத்திலேயே இருந்தன. ஊரின் நிலையை மாற்றியவை தாளில் எழுதிய ஓர் ஆணையும், படத்தில் இழுத்த ஒரு கோடுமே ஆகும்.

இவ்வரலாற்றைத் தேடுவோர் இரண்டை நினைவிற்கொள்ள வேண்டும். ஒன்று, பழைய ஆங்கில ஆவணங்களில் ஊர்ப்பெயர் ‘டாராபோரம்’ என்று காணப்படும். மற்றொன்று, கோவை மாவட்டத்திலிருந்த இவ்வட்டம் 1979இல் பெரியார் மாவட்டத்திலும், 2009இல் திருப்பூர் மாவட்டத்திலும் சேர்க்கப்பட்டது. எனவே, ஓர் ஊரின் வரலாற்றைப் பல ஊர்களில் தேட வேண்டியுள்ளது. புக்கானன் 1800இல் மேற்கொண்ட பயணத்தின் குறிப்புகளும், நிக்கல்சன் 1887இல் வெளியிட்ட மாவட்டக் கையேடும் நூலகங்களில் கிடைக்கும். அரசு ஆணைகளுக்கும் கடிதங்களுக்கும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தை நாடவேண்டும்.

ஆயினும் நம் கவலைக்குரியவை இவையல்ல, கிராமக் கணக்குகளே. நில அளவைப் புலப்படமும் நிலவரித் திட்டப் பதிவேடும் குளம், வாய்க்கால், வண்டிப்பாதை, நத்தம், புறம்போக்கு ஆகியவற்றை எண்ணிட்டுக் காட்டுகின்றன. குளம் மனையாகிவிட்ட ஊரில், அங்கே நீர் நின்றது என்று சொல்ல அத்தாள் ஒன்றே எஞ்சும். கரையான் அதனை அரித்துவிட்டால் ஊர் தன் வழக்கையே இழந்துவிடும்.

கல்வெட்டைப் படியெடுக்கும் ஆர்வம் நம்மிடையே உண்டு. காகிதத்தைக் காக்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. பத்தாண்டு நிறைந்த நம் வட்டத்தின் அன்பர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரின் படமொன்றையேனும் முறைப்படி நகல் பெற்று, அதிலுள்ள பெயர்களை முதியோரிடம் கேட்டெழுதி வைப்பாராக. அடுத்த பத்தாண்டிற்கு அதனினும் நற்பணி வேறில்லை.