விதையின் நச்சுநீக்க நொதிகளும் தோல் பதனிடு வட்டார நிலமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஊத்தங்கரையிலிருந்து செங்கம் செல்லும் சாலையில், சவ்வாது மலையை அடுத்து அமைந்த சிங்காரப்பேட்டை, பாராமகாலிலிருந்து கீழைச் சமவெளிக்கு இறங்கும் கணவாயின் வாயிலாகப் பழங்காலந்தொட்டு அறியப்பட்டது. நீரியல் நோக்கில் இவ்வூர் தென்பெண்ணை வடிநிலத்தைச் சேர்ந்தது. அவ்வாற்றின் மேற்பகுதியில் பெங்களூரின் கழிவுநீரும் ஓசூர்த் தொழிற்பகுதியும் உள்ளன. வடக்கே, திருப்பத்தூருக்கு அப்பால், பாலாற்றங்கரையின் வாணியம்பாடியும் ஆம்பூரும் உள்ளன. உலோகம் கலந்த நீர் விதைக்கு என்ன செய்கிறது என்னும் வினா, இப்பகுதியில் ஆய்வகத்தோடு நின்றுவிடும் வினா அன்று.

பாலாற்று வட்டாரத்தில் தோல் நெடுங்காலம் ஆவாரம்பட்டையால் பதனிடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரெட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதித்தார். ஆயினும் 1970களில் அரைப்பதன் தோல் ஏற்றுமதிக்கு நடுவணரசு வரம்பு விதித்து முழுப்பதன் தோலை ஊக்குவித்த பின்னரே அம்முறை இங்குப் பரவலாக வேரூன்றியது. ஏற்றுமதிக் கொள்கையில் நேர்ந்த ஒரு மாற்றம் வயலின் வேதியியலையே மாற்றிற்று எனலாம்.

அதே காலத்தில் வேறோரிடத்தில் விதையின் தற்காப்பு அறியப்பட்டுவந்தது. 1957இல் மார்கோஷ், வல்லீ இருவரும் குதிரையின் சிறுநீரகத்தில் காட்மியத்தைப் பிணைக்கும் புரதத்தைக் கண்டனர். 1980களில் கோதுமை முளைக்கருவில் இருந்த ஒரு புரதம் துத்தநாகத்தைப் பிணைக்கும் அவ்வகைப் புரதமே எனத் தெளிவாயிற்று. விதை முளைக்கத் தொடங்கியதும் இதன் உருவாக்கம் ஓய்ந்துவிடுகிறது. 1985இல் கிரில், வின்னாக்கர், சென்க் ஆகியோர் சர்ப்பகந்தியின் செல் வளர்ப்பில் பைட்டோகெலாட்டினைக் கண்டறிந்தனர். அதனை ஆக்கும் நொதி 1989இல் பிரிக்கப்பட்டது. அந்நொதி செல்லில் முன்னரே இருக்கிறது. உலோகம் வந்து சேர்ந்தால்தான் செயற்படுகிறது. நஞ்சே அதற்குச் சாவி. குளுட்டாதையோனைக் கொண்டு கோத்த சங்கிலியால் அது உலோகத்தைப் பற்றி நுண்குமிழிக்குள் ஒதுக்குகிறது.

குரோமியத்தின் வழி வேறு. ஆறிணைதிறன் குரோமியம் சல்பேட்டுக்குரிய வாயில்வழியே வேருக்குள் நுழைந்து, அங்கே மூவிணைதிறனாக ஒடுங்குகிறது. அவ்வொடுக்கத்தில் வினையூக்கமிக்க ஆக்சிசன் வகைகள் பிறக்கின்றன. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேசு, கேட்டலேசு, பெராக்சிடேசு ஆகிய நொதிகள் இவற்றைத் தணிக்க எழுகின்றன. குறைந்த அளவில் இந்நொதிகளின் செயல் உயர்வதும், அளவு மிகும்போது சரிவதும் பலமுறை பதிவாகியுள்ளன. பெராக்சிடேசு உயர்ந்த விதையைத் தாங்குதிறன் மிக்கது எனப் பல கட்டுரைகள் முடிவுகட்டுகின்றன, இதை ஏற்பதற்கில்லை. காய்ச்சல் ஏறியிருப்பது நலத்தின் சான்றாகுமோ?

முளைப்பு விழுக்காடும் ஏமாற்றக்கூடியது. விதையுறை உலோகத்தை ஓரளவு தடுக்கிறது; உள்ளிருக்கும் சேமிப்பு முதல் முளையை ஊட்டுகிறது. கேழ்வரகு முளைத்துவிட்டதென உழவர் மகிழ்ந்த சில நாட்களில், உறையைவிட்டு வெளிவந்த வேர்நுனி கருகி நின்றுவிடலாம்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகத்து 28இல் தீர்ப்பளித்தது. தோல் பதனிடு வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாயிற்று எனக் கண்ட ஓர் ஆய்வை அத்தீர்ப்பு சுட்டுகிறது. அதன்வழி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001இல் வழங்கிய தீர்வு ஏறக்குறைய 29,000 பேருக்கு உரியது. அவ்வழக்கு அதனோடும் முடியவில்லை. 2025 சனவரி 30இல் இழப்பீட்டையும் ஆற்றின் மீட்பையும் பற்றி அந்நீதிமன்றமே மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

இத்தகைய நிலத்தில் நொதி அளவீட்டைச் சான்றாகக் கொணர்வோர் ஓர் இடரை எதிர்கொள்ள வேண்டும். பதனிடு கழிவில் குரோமியம் மட்டுமன்றித் தோலைப் பதப்படுத்திய உப்பும் மிகுதியாக உள்ளது. உப்பும் இதே நொதிகளை எழுப்பும். வடிதாளில் தூய குரோமியக் கரைசலை ஊற்றிப் பெற்ற எண்களை ஆம்பூர் மண்ணுக்கு அப்படியே பொருத்துவது பிழை. கழிவேறிய மண்ணில் ஒரு தட்டும், அதே அளவு உப்பு மட்டும் சேர்த்த நல்ல மண்ணில் ஒரு தட்டும், ஒரே கேழ்வரகு விதையை இட்டு, வேர் உறையைக் கடந்த பின் நொதிகளை அளந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாட்டில் உப்பின் பங்கு பெரிதும் கழிந்துவிடும்.