உண்மையான ஆல்ஃப்ரெடோ!

ரோம் நகரம், 1908. ஆல்ஃப்ரெடோ டி லேலியோ தன் அம்மாவின் சின்ன ஓட்டலில் சமையல் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இனேஸுக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆனால் தாய்க்கு உடம்பு தேறவில்லை. சாப்பாட்டைக் கண்டாலே வேண்டாம் என்கிறார்!

ஆல்ஃப்ரெடோ பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. நாடா நாடாவாக வெட்டிய ஃபெட்டுச்சினியை வேகவைத்து, வெண்ணெயும் துருவிய பார்மிஜான் சீஸும் போட்டுச் சூட்டோடு கிளறிக் கொடுத்தார். இத்தாலியில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் பத்தியச் சாப்பாடுதான். வெண்ணெய் மட்டும் தாராளம்! இனேஸ் தட்டைக் காலி செய்தார் என்பது அந்தக் குடும்பத்தார் சொல்லும் கதை.

1914-ல் ஸ்க்ரோஃபா தெருவில் சொந்த ஓட்டல். 1920-ல் திருமணம் செய்துகொண்ட ஹாலிவுட் ஜோடி மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸும் தேனிலவுக்கு ரோம் வந்தபோது, அங்கே சாப்பிட்டுச் சொக்கிப்போனார்கள். பிற்பாடு தங்க ஸ்பூனும் ஃபோர்க்கும் பரிசாகக் கொடுத்தார்கள். அப்புறமென்ன, புகழ் கடல் தாண்டியது!

1943-ல், போர்க்காலத்தில், ஓட்டலை விற்றுவிட்டார் ஆல்ஃப்ரெடோ. கடையோடு பெயரும் போயிற்று. 1950-ல், அன்று பிறந்த அதே மகன் அர்மாந்தோவோடு சேர்ந்து வேறு இடத்தில் புதுக் கடை போட்டார். பெயர் என்ன தெரியுமா? 'இல் வேரோ ஆல்ஃப்ரெடோ.' அதாவது, 'உண்மையான ஆல்ஃப்ரெடோ'! தான்தான் தான் என்று பலகை மாட்டிச் சொல்ல வேண்டியதாகிவிட்டது, பாவம்.

அமெரிக்காவிலோ அவர் பெயரைச் சொல்லி கிரீமைக் கொட்டினார்கள். இனேஸின் தட்டில் கிரீம் ஒரு சொட்டுகூடக் கிடையாது!