கழற்றி வைத்த மூன்று கண்ணிகள்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்ந்தவர்களுக்குத் தோல்வார் பூட்டிய கைக்கடிகாரம் அதிக நாள் தாங்குவதில்லை. வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து தோலை இற்றுப்போகச் செய்துவிடும். எங்களூரவர் உருக்குச் செயினை விரும்பியமைக்கு அழகு மட்டும் காரணமன்று.

ஆடவர் கடிகாரத்தைச் சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு மாற்றிக்கொண்டது பெரும்பாலும் முதலாம் உலகப் போரின்போதுதான். பதுங்குகுழியில் நின்றவனுக்குப் பையைத் துழாவ நேரமில்லை. போருக்கு முந்திய ஆண்டில், 1913இல், ஷெபீல்ட் நகரில் ஹரி பிரேர்லி துருப்பிடிக்காத உருக்கை உருவாக்கியிருந்தார். 1930களில் அந்த உருக்கிலேயே கடிகாரச் செயின்கள் வரத்தொடங்கின.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கியதைச் சிறுவனாகக் கண்டவர் என் தந்தையார். பின்னர் அதே துறைமுகத்தில், பிரித்தானியக் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துச் சென்றனர். 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னர், வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அவருக்கு ஜப்பானியக் கடிகாரமொன்றைக் கொணர்ந்தார். "அன்றைக்குக் குண்டு போட்டவன் இன்றைக்கு மணிக்கூடு அனுப்புகிறான்" என்று சொல்லிச் சிரித்தார்.

செயின் தொளதொளத்தது. கடைத்தெருவில் கடிகாரம் திருத்தும் முதியவரிடம் சென்றோம். கண்ணிகளின் உட்புறத்தில் பொறித்திருந்த அம்புக்குறி காட்டிய திசையில் ஊசியைத் தட்டிக் கழற்றினார். கொளுக்கி மணிக்கட்டின் நடுவில் அமையவேண்டுமென்பதால், இருபுறமும் ஏறக்குறையச் சமமாகக் குறைக்கவேண்டும் என்றார். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று. சுண்டுவிரல் நுழையுமளவு இடைவெளி விட்டார். "காலைக் குளிரில் அளவெடுத்தால் மத்தியான வெயிலில் கை இறுகும்" என்றும் எச்சரித்தார். வெப்பத்தில் மணிக்கட்டுச் சற்று வீங்கும் என்பது உண்மையே. கழற்றிய மூன்று கண்ணிகளைத் தாளில் மடித்துத் தந்தார். அம்மா அதை அலுமாரியில் வைத்தார்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. உடுத்த உடையோடு வெளியேறினோம். கையில் இருந்த கடிகாரம் எங்களுடன் வந்தது. அலுமாரியில் இருந்த கண்ணிகள் வரவில்லை. திரும்பிச் சென்றபோது வீட்டில் அலுமாரியே இருக்கவில்லை.

தந்தையார் மறைந்தபின் கடிகாரம் என்னிடம் வந்தது. என் மணிக்கட்டு அவருடையதைவிடப் பருமன். அதே கடைத்தெருவில் வேறொருவரிடம் காட்டினேன். தன்னிடமிருந்த பழைய கண்ணிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். அகலம் ஒன்றுக்கும் பொருந்தவில்லை. பிறகு கொளுக்கியின் ஓரத்தில் வரிசையாக இருந்த சிறு துளைகளைக் காட்டினார். உட்துளையில் நின்ற சுருள்வில் ஊசியை அழுத்தி எடுத்து, கடைசித் துளைக்கு மாற்றினார். கிடைத்தது சில மில்லிமீற்றர்தான். கொளுக்கி பூட்டிக்கொண்டது.

காலையில் அணியும்போது இதமாகவே இருக்கிறது. மத்தியானம் சற்று இறுகும். அப்போது கழற்றி மேசைமேல் வைத்துவிடுகிறேன்.

புதிதாகச் செயின் வாங்கும் இளையோருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கழற்றிய கண்ணிகளைக் கடவுச்சீட்டும் பிறப்புச் சான்றிதழும் இருக்கும் பையிலேயே போட்டு வையுங்கள்.