சேணக் கச்சை: பொருத்தக் கடினமான குதிரைகளுக்குத் தேர்ந்தெடுத்தல்

சேணக் கச்சை என்பது குதிரையின் முதுகில் வைத்த சேணம் நழுவாமலிருக்க, மார்புக்கூட்டின் அடிவழியாகச் சுற்றி இருபுறமும் சேணத்தோடு பூட்டப்படும் அகலமான வார். ஆங்கிலச் சேண மரபில் இதைக் ‘கர்த்’ என்பார்கள். அமெரிக்க மாட்டுப்பண்ணைச் சேண மரபில் ‘சின்ச்’ என்பார்கள். தமிழில் வயிற்றுவார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தப் பெயர் இடத்தைத் தவறாகக் காட்டிவிடுகிறது. கச்சை வயிற்றில் படுவதற்கான பொருள் அல்ல. முன்னங்காலின் முழங்கைக்குச் சற்றுப் பின்னால், மார்பெலும்பின் மேல் அது உட்கார வேண்டும்.

சராசரி உடல்வாகு கொண்ட குதிரைக்கு நேரான, நீளம் சரியாக உள்ள எந்தக் கச்சையும் ஓரளவு பொருந்திவிடும். சிக்கல் மற்றவற்றுக்குத்தான். பிரிட்டனின் ஷெட்லாந்து, ஹைலேண்ட் மட்டக்குதிரைகள், வெல்ஷ் காப், நார்வேயின் ஃபியோர்டு, ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் ஹாஃப்லிங்கர் போன்ற இனங்களில் உடல் பீப்பாய்போல் உருண்டு, தோள்மேடு தாழ்ந்திருப்பதைப் பரவலாகக் காணலாம். சேணம் முன்னோக்கி நகர்ந்து தோளில் ஏறிக்கொள்கிறது என்ற குறை இவற்றின் உரிமையாளர்களிடம் அடிக்கடி எழும். பந்தயக் குதிரைகள் சிலவற்றில் நிலைமை நேர்மாறு: மார்பு ஆழமாகவும் வயிறு ஒட்டியும் இருப்பதால் சேணம் பின்னுக்கு வழுக்கும். தோல் மிக மெல்லிதாக இருப்பதோ முழங்கைக்குப் பின்னால் தளர்ந்த மடிப்பாகத் தொங்குவதோ மூன்றாவது வகைச் சிக்கல்.

கச்சை படும் இடம்

குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. மனிதனுக்கு இருப்பதுபோல் கையை உடலோடு எலும்பால் இணைக்கும் பாலம் அதற்கு இல்லை. இரண்டு முன்னங்கால்களுக்கும் இடையே முழு மார்புக்கூடும் தசைகளால் மட்டுமே தொட்டில்போலத் தொங்குகிறது. அந்தத் தொட்டிலின் அடித்தசைகள் மார்பெலும்பிலிருந்து கிளம்பி மேற்காலுக்குச் செல்கின்றன. கச்சை இறுகுவது அவற்றின் மேல்தான். விலா எலும்புகள் 18 இணைகளில் முதல் 8 இணைகள் மார்பெலும்போடு சேர்கின்றன; கச்சையின் அடிப்பகுதி தாங்குதளமாகக் கொள்வது இந்தப் பகுதியையே. ஆகவே கச்சையில் உள்ள ஒரு தவறு தோலோடு நிற்பதில்லை. கால் முன்னே வீசும் அளவு குறைகிறது, அடி சுருங்குகிறது, முதுகு இறுகுகிறது.

அழுத்தம் எங்கே அதிகம் விழுகிறது என்பதில் நீண்டகாலமாக ஒரு தவறான எண்ணம் இருந்தது. மார்பெலும்பின் நடுவில்தான் சுமை இறங்கும் என்று கருதி, அங்கேயே கூடுதல் பஞ்சு வைத்தார்கள். 2013இல் ‘தி வெட்டரினரி ஜர்னல்’ இதழில் ரேச்சல் மரே, ரஸ்ஸல் கைர் முதலானோர் வெளியிட்ட ஆய்வு, கச்சைக்கு அடியில் அழுத்தம் அளக்கும் விரிப்பை வைத்து ஓடும் குதிரைகளில் அளந்தது. உச்ச அழுத்தம் மார்பெலும்பில் இல்லை. முழங்கைக்குப் பின்னாலிருந்த தசையின் மேல் இருந்தது. அந்த இடத்தில் அழுத்தத்தைக் குறைக்கும்படி வடிவமைத்த கச்சையைக் கட்டியபோது, முன்னங்காலின் வீச்சும் மூட்டுகளின் மடிப்பும் கூடின. கச்சை வாங்குபவர் முதலில் தடவிப் பார்க்க வேண்டியது அடிப்பகுதியின் மென்மையை அல்ல. முழங்கையை ஒட்டி வரும் விளிம்பின் தடிப்பையும் வளைவையும்தான்.

கச்சைப் பள்ளம்

பொருத்தம் பற்றிய பேச்சு முழுவதும் ஓர் இடத்தில் வந்து நிற்கிறது. முழங்கைக்குப் பின்னால் மார்புக்கூடு மிகக் குறுகலாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. அதுவே கச்சைப் பள்ளம். நாம் எங்கே பூட்டினாலும், குதிரை நடக்க நடக்கக் கச்சை வழுக்கி அந்தப் பள்ளத்தில்தான் போய் நிற்கும். இறுக்கமும் பசையுள்ள துணியும் அதைத் தடுக்க முடியாது. கச்சை நகரும்போது அதனோடு பூட்டிய சேணமும் நகர்கிறது.

உருண்டையான குதிரைகளில் இந்தப் பள்ளம் முழங்கையை ஒட்டி முன்னால் இருக்கும். வயிறு பெருத்திருப்பதால் மார்பின் அடிக்கோடு பின்னாலிருந்து முன்னோக்கிச் சரிகிறது. அந்தச் சரிவில் கச்சை முன்னுக்கு இறங்குகிறது. சேணத்தின் மடலுக்கு அடியில் தொங்கும் பூட்டுவார்களோ, சேணம் உட்கார வேண்டிய இடத்துக்கு நேர் கீழே, பள்ளத்துக்குப் பின்னால் தொங்குகின்றன. இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தை நேரான கச்சை ஒரே வழியில்தான் தீர்க்கும்: சேணத்தை முன்னே இழுத்துவிடும். முன்னங்கால் முன்னே போகும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்னோக்கிச் சுழல்கிறது. முன்னுக்கு வந்துவிட்ட சேணத்தின் உட்சட்டம் அங்கே தடையாக நிற்கிறது. ஒவ்வொரு அடியிலும் எலும்பு சட்டத்தில் இடிக்கும் குதிரையைச் சோம்பேறி என்று குதிகாலால் உதைப்பவர்களைப் பார்த்தால் மனம் வலிக்கும்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. குதிரையைச் சமதரையில் நான்கு கால்களும் சரியாக ஊன்றும்படி நிறுத்தி, சேணத்தைத் தோள்பட்டைக்குப் பின்னால் அதன் இடத்தில் வைத்து, பூட்டுவார்கள் எங்கே செங்குத்தாகத் தொங்குகின்றன என்று பார்க்க வேண்டும். ஒரு நூலில் சிறு கனம் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் தெளிவாகும். பிறகு முழங்கைக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து, மார்பெலும்பின்மேல் பின்னோக்கித் தடவினால் பள்ளம் கையில் தட்டுப்படும். நூல் இறங்கும் இடமும் கை நிற்கும் இடமும் ஒன்றானால் நேரான கச்சை போதும். பள்ளம் நூலுக்கு முன்னால் இருந்தால் வேறு வடிவம் வேண்டும்.

வடிவங்கள்

பள்ளம் முன்தள்ளிய குதிரைக்கு ஏற்றது பிறைவடிவக் கச்சை. அதன் நடுப்பகுதி முன்னோக்கி வளைந்து பள்ளத்தில் அமர்கிறது. இரு முனைகளும் பின்னே ஒதுங்கி, பூட்டுவார்களுக்கு நேராக ஏறுகின்றன. இடைவெளியைக் கச்சையின் வளைவே எடுத்துக்கொள்வதால் சேணம் இழுபடுவதில்லை. இதே வடிவத்தைச் சாதாரணக் குதிரைக்குக் கட்டினால் பலன் தலைகீழாகிவிடும்: நடுப்பகுதி பள்ளத்தில் நிற்க, முனைகள் பின்னுக்குப் போய்ச் சேணத்தைப் பின்னே இழுக்கும். விலை உயர்ந்தது, புதியது என்பதற்காக வளைந்த கச்சையை வாங்குவது வீண்செலவு.

முழங்கைக்காக ஒதுங்கிக் கொடுக்கும் கச்சைகள் தனி வகை. உடற்கூறுக் கச்சை என விற்கப்படுபவை மார்பெலும்பின்மேல் அகலமாகவும் முழங்கைக்குப் பின்னால் குறுகியும் இருக்கும். இது புதிய எண்ணம் அல்ல. பழைய ஆங்கிலத் தோல் கச்சைகளில் ‘ஆதர்ஸ்டன்’ வகை முழங்கை இடத்தில் இடுங்கலாக வெட்டப்பட்டது. ‘பால்டிங்’ வகையில் தோலை மூன்று கீற்றுகளாகப் பிளந்து முழங்கைக்குப் பின்னால் குறுக்காகப் பின்னினார்கள். நேரான கச்சைகளில் சிறந்தது மும்மடிப்புத் தோல் கச்சை. ஒற்றைத் தோலை மூன்றாக மடித்துச் செய்வது. மடிப்பின் உருண்டை விளிம்பு முழங்கைப் பக்கம் வரும்படி கட்ட வேண்டும். உள்ளே எண்ணெய் தோய்த்த கம்பளித் துணியைச் செருகி வைத்து, தோல் காயாமல் பார்த்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது.

வடிவத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது பூட்டுவாரின் இடம். சில சேணங்களில் உட்சட்டத்தின் முன்முனையிலிருந்தே ஒரு வார் தொங்கும். பள்ளம் முன்தள்ளிய குதிரைக்கு இந்த முன்வாரும் அதற்கு அடுத்ததும் உதவும். பூட்டும் புள்ளியே பள்ளத்துக்கு மேலே வந்துவிடுகிறது. மாட்டுப்பண்ணைச் சேணத்தில் கச்சை வளையத்தின் இடத்தை முன்பின்னாக அமைக்கும் பல முறைகள் உண்டு. 1859இல் அமெரிக்கக் குதிரைப்படை ஏற்றுக்கொண்ட மெக்கலன் சேணத்தில், முன்னும் பின்னும் இறங்கும் இரண்டு வார்கள் ஒரே வளையத்தில் சேர்ந்து கச்சையைப் பிடித்தன.

இத்தனைக்குப் பிறகும் சேணம் முன்னே வழுக்கும் மட்டக்குதிரைகள் உண்டு. அவற்றுக்கு வாலடியில் சுற்றும் வால்வார் துணையாகும். பின்னே வழுக்கும் ஒட்டிய வயிற்றுக் குதிரைக்கு மார்புவார் வேண்டும். ஆனால் சேணமே பொருந்தாதபோது இவை வலியை இன்னோரிடத்துக்கு மாற்றும் கயிறுகளாகவே ஆகிவிடும். முதலில் பார்க்க வேண்டியது சேணத்தின் அகலம்.

நீளம்

அளவு நாடாவைச் சேணமும் சேணத்துணியும் வைத்த நிலையில்தான் பிடிக்க வேண்டும். ஒருபக்கப் பூட்டுவாரின் நடுத்துளையிலிருந்து மார்பின் அடிவழியாக மறுபக்க நடுத்துளை வரை அளந்தால் கிடைப்பது கச்சையின் நீளம். ஆங்கிலக் கச்சைகள் அங்குலக் கணக்கில், பெரும்பாலும் 2 அங்குல இடைவெளியில் விற்கின்றன. தாண்டுதல், பொதுச் சவாரிச் சேணங்களுக்கு நீண்டவை. டிரஸ்ஸாஜ் எனும் நடைப்பயிற்சிச் சவாரிக்கான, பூட்டுவார் நீளமாகத் தொங்கும் சேணத்துக்குக் குட்டையானவை.

குட்டைக் கச்சையில் தவறு நேர்வது அதிகம். நீளம் போதாவிட்டால் பக்கிள்கள் முழங்கைக்கு நேராக வந்து நிற்கும். நீளம் மிகுந்தால் சேண மடலுக்கு அடியில் ஏறிச் சவாரி செய்பவரின் காலில் உறுத்தும். முழங்கைக்குக் குறைந்தது நான்கு விரல்கடை மேலே பக்கிள் நிற்பது நல்லது. இருபுறமும் ஒரே உயரத்தில் பூட்டி, கச்சையின் நடு மார்பெலும்பின் நடுவிலேயே இருக்கச் செய்ய வேண்டும். புதுத் தோல் சில வாரங்களில் நீளும் என்பதால் மேலே இரண்டு துளைகளாவது மிச்சம் இருக்கட்டும்.

தோலும் துணியும்

தோல் கச்சை எண்ணெயிட்டுத் துடைத்து வந்தால் பல்லாண்டு உழைக்கும். கவனிக்காமல் விட்டால் விளிம்பு விறைத்துக் கத்திபோல் அறுக்கும். நியோப்பிரீன் என்ற செயற்கை ரப்பர் வழுக்காது, கழுவ எளிது. ஆனால் காற்றுப் புகாததால் வியர்வையும் வெப்பமும் உள்ளேயே தங்கும். மெல்லிய தோலுள்ள குதிரைக்கு அது ஆகாது. மொஹேர் எனும் ஆட்டுமுடி நூலாலான கச்சை வியர்வையை உறிஞ்சி, உடலோடு இணங்கும். பருத்தி நூல் கச்சை மலிவு, காற்றோட்டமும் உண்டு. இழைகளுக்கு இடையே தோல் சிக்கிக் கிள்ளப்படுவதே அதன் குறை. செம்மறித்தோல் உறை சொரசொரப்பைக் குறைக்கும். அழுத்தத்தை அது நீக்காது என்பதோடு, சுற்றளவையும் கூட்டுவதால் நீளத்தை மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.

மீள்பட்டை வைத்த கச்சைகள் குதிரை மூச்சிழுக்கும்போது விரிந்து கொடுக்கும். பட்டை ஒருபுறம் மட்டும் இருந்தால் இழுப்பு சமமாக இராது. இரண்டு பக்கமும் அல்லது நடுவில் இருப்பதே மேல். மீள்பட்டையால் வரும் ஆபத்து வேறு: எளிதாக நீள்வதால் நம் கை தேவைக்கு மேல் இழுத்துவிடுகிறது.

உராய்வால் வரும் கச்சைப்புண் முதலில் முடி உதிர்ந்த சிறு இடமாகத் தெரியும். அப்போதே சவாரியை நிறுத்தி ஆறவிட வேண்டும். புண்ணின்மேல் பஞ்சு வைத்துக் கட்டி ஓட்டுவது கொடுமை. ஆறிய இடத்தில் பலசமயம் வெள்ளை முடி முளைத்து, அந்தக் குதிரைக்கு நடந்ததை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கும். லாயத்தில் ஒரே கச்சையைப் பல குதிரைகளுக்கு மாற்றி மாற்றிக் கட்டினால் படர்தாமரையும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்.

இறுக்கம்

இறுக்கமான கச்சை பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்கு எதிரான சான்று பந்தயக் குதிரைகளிடமிருந்தே வந்தது. ஆஸ்திரேலியாவில் பவர்ஸ், ஸ்லோகோம் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1990களின் இறுதியில் ஓடுபொறியில் குதிரைகளை ஓடவிட்டுச் சோதித்தார்கள். கச்சை இறுக இறுக, களைத்துப்போகும்வரை அவை ஓடும் நேரம் குறைந்தது.

கட்டும்போது முதலில் தளர்வாகப் பூட்டி, சில அடி நடத்தி, ஒரு துளை ஏற்றி, மறுபடி நடத்தி, பிறகு அடுத்த துளைக்குப் போக வேண்டும். இரு முன்னங்கால்களையும் ஒவ்வொன்றாக மெல்ல முன்னே நீட்டிவிட்டால் முழங்கைக்குப் பின்னால் சிக்கிய தோல் மடிப்பு விடுபடும். இறுக்கத்தைப் பக்கவாட்டில் மட்டும் சோதித்தால் ஏமாந்துபோவோம். உருண்டை உடலில் பக்கவாட்டு இடைவெளி ஒன்றையும் சொல்லாது. மார்பெலும்புக்கும் கச்சைக்கும் நடுவில் விரல்களைத் தட்டையாக நுழைத்துப் பார்ப்பதே சரி. ஏறி அமர்ந்து பத்து நிமிடம் நடந்த பின் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

குதிரை மறுக்கும்போது

கச்சையை எடுத்தவுடன் காதை மடக்குவது, பல்லைக் காட்டுவது, வாலை வீசுவது, வயிற்றை உப்பிக்கொள்வது ஆகியவற்றை ‘குறும்பு’ என்று ஒதுக்கும் பழக்கம் பல லாயங்களில் இன்னும் இருக்கிறது. இது உண்மையான தீங்கு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தினர், கச்சைக்கு எதிர்ப்புக் காட்டியதால் கொண்டுவரப்பட்ட 37 குதிரைகளின் பதிவுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்டனர். அவற்றில் அதிகமாகக் கண்டறியப்பட்டது இரைப்பைப் புண். எலும்பு, மூட்டுக் கோளாறுகளும் அடுத்த வரிசையில் இருந்தன. அத்தகைய குதிரைக்கு எத்தனை மென்மையான கச்சை வாங்கினாலும் போதாது. கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகும், வலியை எதிர்பார்க்கும் பழக்கம் குதிரையிடம் சில காலம் தங்கும். அந்த வாரங்களில் ஒவ்வொரு துளைக்கும் இடையே கூடுதல் நேரம் கொடுக்க வேண்டியிருக்கும்.

பொருத்தம் ஆண்டு முழுவதும் நிலையாக இராது. வசந்தப் புல் மேய்ந்த மட்டக்குதிரையின் வயிறு ஒரே மாதத்தில் பெருத்து, கச்சையை முன்னே தள்ளும். பயிற்சியில் மெலிந்த குதிரைக்குப் பழைய கச்சை நீளமாகிவிடும். சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முழங்கைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, வெப்பமும் வீக்கமும் கலைந்த முடியும் உண்டா என்று பார்த்து, கச்சையின் தையலையும் மீள்பட்டையையும் ஒருமுறை வளைத்துப் பார்த்துவிட்டு மாட்டி வைக்க வேண்டும்.