உவகையும் ஆங்கிலச் சொற்றொடரும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, உவகையை அவற்றின் இறுதியில் வைத்தார். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கும் அதற்கு நிலைக்களன்கள். உவகை மக்கள் யாவர்க்கும் பொது. அதனை உரைக்குஞ் சொற்றொடரோ நாட்டுக்கு நாடு வேறு. தமிழும் ஆங்கிலமும் ஓரிடத்திற் கூடிய 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் இவ்வேறுபாட்டை ஆராய்தற்கு ஏற்ற களமாகும்.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி 1855 வரை நடைபெற்றது. அங்கே ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. 1841இல் தோன்றிய 'உதயதாரகை' இரு மொழியிலும் வெளிவந்தது. மறு ஆண்டில், 58,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட மானிப்பாய் அகராதி அச்சேறிற்று. யாழ்ப்பாணத்தில் நைற் பாதிரியார் தொடங்கிய தமிழ்–ஆங்கில அகராதிப் பணி, பலர் கைமாறி, வின்சிலோவால் முற்றுப்பெற்று, 1862இற் சென்னையில் 67,000க்கு மேற்பட்ட சொற்களுடன் வெளிப்போந்தது.

எனினும், அகராதி சொல்லுக்கு நேர்ச்சொல் தருமேயன்றி, சொற்றொடரினுள் உறையுந் தட்பவெப்பத்தைத் தருதல் அதற்கு அரிது. ஆங்கிலர் குளிர்நாட்டினர். ஆதலின் அன்புமிக்க வரவேற்பை அவர் வெம்மையானது என்பர். மகிழ்ச்சி தருஞ் செய்தி நெஞ்சுக்குச் சூடேற்றியது என்பர். அன்பற்ற வரவேற்பே அவர்க்குக் குளிர்ந்தது. யாழ்ப்பாணமோ வற்றாத ஆறில்லா நாடு. வெயிலில் துலாமிதித்துக் கிணற்றுநீர் இறைத்துத் தோட்டஞ் செய்தோர் நாடு. இங்கே மகன் நலமாக மீண்டான் எனக் கேட்ட தாயின் வயிறு குளிரும். தேர்த்திருவிழாவை அடியார் கண்குளிரக் காண்பர். பெரியோர் மனங்குளிர வாழ்த்துவர். ஆங்கிலத் தொடரை அவ்வாறே பெயர்த்து, 'வெம்மையான வரவேற்பு' அளித்தோம் என்று எழுதின், வந்த விருந்தினர் திண்ணையேறாது திரும்புவர்.

'வெம்மை' என்னுஞ் சொல்லுக்கு விருப்பம் என்ற பொருளை உரியியல் கூறுகின்றதே எனின், அதுவும் இக்கருத்துக்கு அரணேயாம். பெறாத பொருளை நாடும் வேட்கை வெம்மையுடையது. அது நிறைவேறியவழித் தோன்றும் உவகை தண்மையுடையது. தமிழ்மரபு இவ்விரண்டையும் பிரித்தறிந்தது.

பிறமொழிச் சொல்லைக் கொள்ளுதல் குற்றமன்று. மகிழ்ச்சியைக் குறிக்க ஆங்கிலர் வழங்கும் 'ஜோய்', 'டிலைற்' என்னும் சொற்களும் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தனவே. நாமும் ஆனந்தம், பரவசம் என்பவற்றை வடமொழியினின்று பெற்றோம். கடன்பெற்ற சொல் காலப்போக்கில் நம்முடையதாகும். உணரும் முறையையே கடன்பெறின், எழுதுவோன் தன் நெஞ்சுக்கே அயலானாவான்.

வட்டுக்கோட்டையிற் பயின்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பி.ஏ. பட்டதாரிகள் இருவருள் ஒருவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளை, உவகையின் இலக்கணங் கூறும் மெய்ப்பாட்டியல் அடங்கிய பொருளதிகாரத்தை 1885இற் பதிப்பித்தார். ஆங்கிலங் கற்றல் தமிழ்மரபை மறத்தலாகாது என்பதற்கு அப்பதிப்பே சான்று. ஆங்கிலத்தில் எழுதுங்கால் ஆங்கிலர் மரபையும், தமிழில் எழுதுங்கால் தமிழர் மரபையும் பேணுதல் இருமொழி கற்றார் கடனாகும்.