பட்டியல்

'பட்டியல்' என்ற சொல் நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் ஏறக்குறைய வசைச் சொல்லாகவே புழங்கி வந்திருக்கிறது. க.நா.சு. மேல் திரும்பத் திரும்ப வைக்கப்பட்ட குற்றச்சாட்டு அவர் பட்டியல் போடுகிறார் என்பதுதான். விமர்சனம் என்றால் அலசல், மதிப்பீடு. பெயர்களை வரிசையாக எழுதுவது குமாஸ்தா வேலை. இந்த மனோபாவத்துக்கு இலக்கியத்துக்கு வெளியேயும் ஒரு நீட்சி உண்டு. தைரியம் என்றதும் ஒரு கணத்தில் நடந்து முடிகிற காரியம்தான் நம் மனசில் எழுகிறது. துப்பாக்கி, சுவரேறிக் குதித்தல், சாவதற்கு முன் ஒரு வாசகம். நாலு வருஷம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது தைரியமாகத் தெரிவதில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் நாஜி ஆக்கிரமிப்புக்கு எதிராக ஒற்றர்களாகவும், தலைமறைவு இயக்கத்தினராகவும், பிறர் உயிரைக் காப்பாற்றியவர்களாகவும் இருந்த பெண்களைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. அவர்களில் பலர் செய்தது எழுத்து வேலை. தட்டச்சு, சுருக்கெழுத்து, பிரதி எடுத்தல், கோப்பு, பட்டியல். வங்கியில் குமாஸ்தாவாக இருப்பதால் இது என் கண்ணில் முதலில் பட்டிருக்கலாம். ஆனால் வரலாறும் சினிமாவும் இதைத் தொடர்ந்து கண்ணில் படாமல் செய்து வந்திருப்பது தற்செயல் அல்ல.

பெண் ஒற்றர் என்றால் பொதுஜன மனசில் இன்றும் மாதா ஹரிதான். 1905ல் பாரீஸில் சிவன் சிலைக்கு முன்னால் 'கிழக்கத்திய' நடனம் ஆடிப் புகழ்பெற்ற டச்சுக்காரி. 1917ல் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவர் ஒற்று வேலையில் உருப்படியாக எதையாவது சாதித்தாரா என்பதே சந்தேகம். ஆனால் உடம்பு, உடை, மயக்கம், மரணம் எல்லாம் கதையில் இருக்கின்றன. கதைக்கு அது போதும்.

மாதா ஹரிக்கு நேர் எதிர்க்கோடியில் ரோஸ் வலான் இருக்கிறார். 1898ல் ஒரு பிரெஞ்சு கிராமத்துக் கொல்லரின் மகளாகப் பிறந்தவர். ஓவியமும் கலை வரலாறும் பயின்று, 1932 முதல் பாரீஸின் ழெ த போம் மியூசியத்தில் சம்பளமில்லாத ஊழியராக இருந்தார். யூதர்களின் வீடுகளிலிருந்தும் காலரிகளிலிருந்தும் பறித்த ஓவியங்களைச் சேர்த்து வைக்க 1940 இலையுதிர் காலத்தில் ஜெர்மானியர்கள் இந்தக் கட்டடத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கொள்ளைக்கென்றே ஆல்ஃப்ரெட் ரோஸன்பெர்க் பெயரில் ஒரு ஸ்தாபனம் இருந்தது. கெரிங் சுமார் இருபது தடவை வந்து, தனக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு போனார். தேசிய மியூசியங்களின் தலைமைப் பொறுப்பிலிருந்த ழாக் ழோழார் வலானிடம் சொன்னது ஒன்றுதான்: எப்படியாவது அங்கேயே இருந்துவிட வேண்டும்.

அவர் இருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது, எடுப்பில்லாத உடை, பேச்சுக் குறைவு. அவருக்கு ஜெர்மன் புரியும் என்பது அங்கே யாருக்கும் தெரியவில்லை. அவர் காதில் விழும்படியே எல்லாவற்றையும் பேசினார்கள். எந்த ஓவியம், யாருடையது, எந்தப் பெட்டியில், எந்தத் தேதியில், எந்த ஊருக்கு என்பதையெல்லாம் மனசில் வாங்கி இரவில் வீட்டில் எழுதி வைத்தார். குப்பைக் கூடையில் கிடந்த கார்பன் தாள்களையும் விடவில்லை. பல தடவை வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்தார். விலாசம் ஒன்றைப் படிக்க முயன்று அகப்பட்டபோது, சுடப்படலாம் என்று எச்சரிக்கப்பட்டார். நாலு வருஷங்கள் இப்படி.

1944 ஆகஸ்டில், பாரீஸ் கைவிட்டுப் போகும் நிலையில், ஜெர்மானியர்கள் 148 பெட்டி நவீன ஓவியங்களை ரயிலின் ஐந்து வாகன்களில் ஏற்றினார்கள். செஸான், கோகன், பிக்காஸோ, ப்ராக், மொதிலியானி. ரயிலின் எண் 40044. வலான் வாகன் எண்கள் உட்பட எல்லாத் தகவலையும் ழோழாருக்குக் கொடுக்க, அங்கிருந்து ரயில்வே ஊழியர்களின் எதிர்ப்புக் குழுவுக்குப் போயிற்று. அதே ரயிலில், காலியாகக் கிடந்த யூத வீடுகளின் மேஜை நாற்காலிகளை நாற்பதுக்கும் மேற்பட்ட வாகன்களில் ஏற்ற வேண்டியிருந்ததால், தாமதத்துக்குக் கொள்ளையடித்தவர்களின் பேராசையே பாதி காரணமாயிற்று. மீதியை ரயில்வேக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். பாரீஸைத் தாண்டி ஓல்னேயில் நின்றுவிட்ட ரயிலை பிரெஞ்சு ராணுவத்தின் ஒரு பிரிவு பிடித்தது. பிரிவின் அதிகாரி அலெக்ஸாந்த்ர் ரோஸன்பெர்க், ஓவிய வியாபாரி போல் ரோஸன்பெர்கின் மகன். பெட்டிகளைத் திறந்தால் உள்ளே அவர் அப்பாவின் ஓவியங்கள். கொள்ளை ஸ்தாபனத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பெயர் ஒன்றாக அமைந்ததை எந்த நாவலாசிரியனும் எழுதத் துணிய மாட்டான்.

வலான் தன் அனுபவத்தை 1961ல் புத்தகமாக எழுதினார். அதை ஆதாரமாகக் கொண்டு ஜான் ஃப்ராங்கன்ஹைமர் 1964ல் 'தி ட்ரெயின்' படத்தை எடுத்தார். நல்ல படம். ஆனால் அதில் பர்ட் லங்காஸ்டர் ஓடுகிறார், சுடுகிறார், தண்டவாளத்தைத் தகர்க்கிறார். வலானை ஒட்டிய பாத்திரம் ஆரம்பத்தில் சில நிமிஷங்கள் வந்துவிட்டுப் போய்விடுகிறது. குறிப்பு எழுதுவதைப் படமாக்க முடியாது என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் பிரான்ஸின் உயர்ந்த கௌரவமான விடுதலைத் தோழர் பட்டம் 1,038 பேருக்கு அளிக்கப்பட்டதில் பெண்கள் 6 பேர் என்பதற்கு என்ன சமாதானம்? எண்ணுவதற்கு வைத்துக்கொண்ட அளவுகோலே ஆயுதமாக இருந்தது. யுத்தம் முடிந்தபின் வலான் ராணுவ காப்டன் பதவியுடன் ஜெர்மனியில் பல வருஷங்கள் இருந்தார். அங்கிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் பிரான்ஸுக்கு மீண்ட கலைப் பொருட்கள் சுமார் 60,000. அந்தத் தேடலுக்கு அவர் குறிப்புகள்தான் வழிகாட்டி.

எதிர்ப்பக்கத்திலும் குமாஸ்தாக்கள் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. ரோஸன்பெர்க் ஸ்தாபனத்தின் 1944 ஜூலை அறிக்கை தன் சாதனையை இப்படிச் சொல்கிறது: 203 சேகரிப்புகள், 21,903 பொருட்கள். என்ன துல்லியம்! யூதர்களைக் கொண்டுபோன ரயில்களுக்கும் பட்டியல்கள் உண்டு. ஐரோப்பாவின் அந்த மகா கொலை ஆவேசத்தில் நடந்தது அல்ல. கையெழுத்து, முத்திரை, நகல் மூன்றோடு நடந்தது. ஆகவே பட்டியல் என்ற வடிவத்துக்குத் தன்னளவில் புனிதம் எதுவுமில்லை.

நல்ல நோக்கத்தோடு எழுதினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. நூர் இனாயத் கானின் கதை நம்மவர்களுக்கு ஓரளவு தெரியும். திப்பு சுல்தானின் வம்சம். சூஃபி ஞானியும் சங்கீதக்காரருமான இனாயத் கானின் மகள். 1939ல் ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதியவர். 1943 ஜூனில் பிரிட்டிஷ் ரகசிய ஸ்தாபனத்தின் ரேடியோ இயக்குநராக பிரான்ஸில் இறங்கினார். வந்த சில நாட்களிலேயே அவரைச் சேர்ந்த குழு சிதறுண்டுபோயிற்று. திரும்பி வரலாம் என்று லண்டன் சொல்லியும் மறுத்து, இடம் மாறி மாறிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அக்டோபரில் காட்டிக்கொடுக்கப்பட்டுக் கைதானபோது, அதுவரை அனுப்பிய செய்திகளின் நகல்கள் எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. செய்திகளை 'ஃபைல்' செய்வதில் மிகுந்த கவனம் வேண்டும் என்று அவருக்கிட்ட உத்தரவில் இருந்ததாகவும், அனுப்புவது என்ற அர்த்தத்தில் சொன்னதை அவர் சேமித்து வைப்பது என்று எடுத்துக்கொண்டதாகவும் ஒரு விளக்கம் உண்டு. விசாரணையில் நூர் எதையும் சொல்லவில்லை. நோட்டு சொல்லிவிட்டது. அவர் அனுப்புவதுபோலவே ஜெர்மானியர்கள் லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். எச்சரிக்கைகள் இருந்தும் லண்டன் நம்பியது. 1944 பிப்ரவரி இறுதியில் பாராசூட்டில் குதித்த மத்லேன் தமெர்மான் நேராக எதிரியின் கையில் விழுந்தார். அந்த மத்லேனும் நூரும் இன்னும் இரு பெண்களும் 1944 செப்டம்பர் 13ந்தேதி தாஹவ் முகாமில் ஒன்றாகச் சுடப்பட்டார்கள்.

நூரைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உத்தரவை எழுதியவர்களும், சந்தேகத்துக்கு இடமிருந்தும் நம்பியவர்களும் லண்டனில் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். எழுத்து எவ்வளவு அபாயமானது என்பதுதான் விஷயம். தலைமறைவு வேலையின் முதல் விதி எதையும் எழுதி வைக்காதே என்பது. இந்த விதி தெரிந்தே ஒருவர் எழுதி வைத்தாரென்றால், அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

இரேனா ஸென்ட்லருக்கு இருந்தது. வார்ஸா நகராட்சியின் சமூகநலப் பிரிவில் ஊழியர். யூதர்களுக்கு உதவித்தொகை கூடாது என்ற உத்தரவு வந்ததும், அவரும் சக ஊழியைகளும் போலிஷ் பெயர்களில் போலிக் கோப்புகளை உண்டாக்கி உதவியைத் தொடர்ந்தார்கள். யாரும் நேரில் வந்து விசாரிக்காமல் இருக்கப் பெயருக்கு எதிரே டைஃபஸ் என்று எழுதி வைப்பார்கள். 1942 கோடையில் கெட்டோவிலிருந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ட்ரெப்ளிங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டபோது, குழந்தைகளை வெளியே கொண்டுவருவது பிரதான வேலையாயிற்று. ஆம்புலன்ஸில், டிராமில், இரண்டு பக்கமும் வாசல் உள்ள கோர்ட்டுக் கட்டடத்தின் வழியாக. ஸென்ட்லர் பெயரோடு 2,500 என்ற எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆய்வாளர்கள் அதை அப்படியே ஏற்பதில்லை. வேலை செய்த கைகளும் பல. எனக்கு முக்கியமாகப் படுவது எண் அல்ல.

ஒரு குழந்தை வெளியே வந்ததும் அதற்கு வேறு பெயர், வேறு ஜபம், வேறு அம்மா. உயிர் பிழைக்கப் பெயரைக் கொடுத்தாக வேண்டும். ஸென்ட்லர் மெல்லிய தாள் துண்டுகளில் அசல் பெயர், புதுப் பெயர், இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதினார். எங்கள் பாஷையில் இரட்டைப் பதிவு: ஒரு கணக்கில் கழித்ததை இன்னொரு கணக்கில் வரவு வைத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் தொகை காணாமல் போய்விடும். யுத்தம் முடிந்து யாராவது தேடி வந்தால் குழந்தையைச் சொந்தப் பெயருக்குத் திருப்ப வேண்டும் என்பதே அந்தப் பதிவின் உத்தேசம். 1943 அக்டோபரில் கெஸ்டபோ கதவைத் தட்டிய இரவு பட்டியலை ஒரு தோழி தன் உடைக்குள் மறைத்துக் காப்பாற்றினார். ஸென்ட்லர் பாவியாக் சிறையில் சித்திரவதைப்பட்டும் வாய் திறக்கவில்லை. இயக்கம் லஞ்சம் கொடுத்து அவரை மீட்டது. கொல்லப்பட்டவர்களின் அறிவிப்பில் அவர் பெயரும் இருந்தது. ஆயிரம் பெயர்களைக் காக்க நினைத்தவர் மிச்ச யுத்தத்தைச் சொந்தப் பெயர் இல்லாமல் கழித்தார். பட்டியல் ஒரு தோட்டத்து ஆப்பிள் மரத்தடியில் கண்ணாடிப் புட்டியில் புதைந்து கிடந்தது. யுத்தத்துக்குப் பின் யூதக் கமிட்டியிடம் அதைக் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பெயர்களைத் தேடி வர வேண்டிய பெற்றோர்களில் பெரும்பாலோர் ட்ரெப்ளிங்காவில் முடிந்துபோயிருந்தார்கள். புதுத் தாயை அம்மாவென்று அறிந்துவிட்ட குழந்தைகள் இரண்டாம் முறையாகத் தாயைப் பிரிந்ததும் உண்டு. கணக்கு சரியாக இருந்ததனால் எல்லாம் சரியாகிவிடவில்லை.

கடைசியாக ஷார்லொத் தெல்போ. நம்மில் பலருக்கு எழுத்தாளராகத்தான் தெரிந்திருக்கும். அவர் நாடகக்காரர் லூயி ழூவேயின் காரியதரிசி, சுருக்கெழுத்துக்காரர். 1941ல் ழூவேயின் குழுவுடன் தென் அமெரிக்காவில் பத்திரமாக இருந்தவர், நண்பர் ஒருவர் கொல்லப்பட்ட செய்தி கேட்டு பாரீஸுக்குத் திரும்பினார். செய்த வேலை: வெளிநாட்டு ரேடியோச் செய்திகளைச் சுருக்கெழுத்தில் எடுப்பது, துண்டுப் பிரசுரங்களைத் தட்டச்சு செய்வது. 1942 மார்ச்சில் கணவரோடு கைதானார். கணவர் ழோர்ழ் துதாஷ் மே மாசம் சுடப்பட்டார். 1943 ஜனவரி 24ந்தேதி 230 பெண்களில் ஒருவராக தெல்போ ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். அவர்கள் கைகளில் 31625 முதல் 31854 வரை எண்கள் பச்சை குத்தப்பட்டன. திரும்பி வந்தவர்கள் 49 பேர்.

முகாம் அனுபவத்தைப் பற்றிய முதல் புத்தகத்தை 1946லேயே எழுதிவிட்டு, இலக்கியமாக நிற்குமா என்று பார்க்க ஏறக்குறைய இருபது வருஷம் வெளியிடாமல் வைத்திருந்தார். 1965ல் அது வந்தது. கவிதைக்கு நெருங்கிய வசனம். அதே வருஷம் இன்னொரு புத்தகமும் வந்தது. 'ஜனவரி 24 வண்டி' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அதில் கவிதை இல்லை. 230 பெண்களும் அகர வரிசையில் இருக்கிறார்கள். எங்கே பிறந்தாள், என்ன வேலை, ஏன் கைதானாள், எப்படிச் செத்தாள் அல்லது திரும்பினாள், குடும்பம் என்ன ஆயிற்று. எஞ்சிய தோழிகளோடு சேர்ந்து சேகரித்த தகவல்கள். கம்யூனிஸ்ட் தலைவியும் பல் டாக்டருமான தனியேல் கஸநோவாவுக்கு அங்கே என்ன இடமோ அதே இடம்தான் தையல்காரிக்கும், இயக்கத்தோடு சம்பந்தமே இல்லாமல் அகப்பட்டுக்கொண்டவளுக்கும். தியாகத்தின் அளவுப்படி வரிசைப்படுத்த அவரால் முடிந்திருக்கும். அகராதி அந்தச் சலுகையை யாருக்கும் தருவதில்லை என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறேன்.

விமர்சகர்கள் முதல் புத்தகத்தைத்தான் அதிகம் பேசுகிறார்கள். இரண்டாவது ஆவணம் என்று ஒதுக்கப்படுகிறது. என் அபிப்பிராயத்தில் இரண்டும் ஒரே கையின் ஒரே காரியம். முதலாவது 'நாம்' என்று சொல்கிறது. அந்த 'நாம்' யார் யார் என்று கேட்டால் பதில் இரண்டாவதில் இருக்கிறது. அந்தப் பதிலைச் சொல்லாமல் 'நாம்' என்று எழுதுகிற சௌகரியம் கவிஞர்களுக்கு எப்போதும் உண்டு. தெல்போ அதை எடுத்துக்கொள்ளவில்லை.

திரும்பி வந்தவர்களில் பலர் உயிரோடு இருந்தபோது எழுதியதால் அந்தப் பட்டியல் சாத்தியமாயிற்று. அவர்களும் போன பிறகு இந்த 230 பேரும் சேர்ந்திருக்க மிச்சமாகியிருப்பது அந்தப் பக்கங்கள்தான்.