‘அது’விலிருந்து தொடங்குதல்: ஆங்கிலப் பல்லுரசொலியும் தமிழ் நாவும்

கல்லூரி மாணவி ஒருத்தி ஆங்கிலத் தொடர் ஒன்றை என் முன் படித்தாள். ‘தி மதர் ஆஃப் திஸ் சைல்ட்’ என்னும் ஐந்தே சொற்கள். ‘தி’யும் ‘திஸ்’ஸும் தன் வாயில் சரியாக வருவதில்லை என்பது அவளுக்கே தெரியும், பள்ளியில் பலமுறை எழுப்பி நிறுத்தித் திருத்தப்பட்டவள். அவள் குரலைக் கைப்பேசியில் பதிந்து பாதி வேகத்தில் ஓடவிட்டேன். ‘தி’யில் நாக்கு மேற்பல்லின் பின்புறத்தை அடைத்துப் பின் விடுபடுவது தெளிவாகக் கேட்டது. ‘திஸ்’ஸிலும் அதே அடைப்பு. இடையில் வந்த ‘மதர்’ என்ற சொல்லில் மட்டும் அடைப்பு இல்லை. காற்று நிற்காமல் ஓடியது. மூன்று முறை திரும்பக் கேட்டுவிட்டு, “சார், மதர்ல வர்றது நம்ம ‘அது’ல வர்ற மாதிரியே இருக்கே” என்றாள்.

அவள் சொன்னது சரி. ஆங்கிலம் கற்கும் தமிழர்க்குக் கடினம் என்று பெயர்பெற்ற இந்த ஒலி தமிழ் நாவுக்குப் புதியதே அன்று. புதியது அது நிற்கும் இடம். பயிற்சி அயல் ஒலி ஒன்றை வாய்க்குள் திணிப்பதாக இருக்க வேண்டியதில்லை. சொல்லின் நடுவில் நாள்தோறும் பிறக்கும் ஒலியைச் சொல்லின் முதலுக்கு நகர்த்துவதாக இருந்தால் போதும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆங்கில எழுத்தில் ‘டி’யும் ‘எச்’சும் சேர்ந்து குறிப்பவை இரண்டு ஒலிகள். இரண்டிலும் நாநுனி மேற்பல்லை நெருங்கி நிற்க, இடுக்கு வழியே காற்று உரசிச் செல்கிறது. ‘திஸ்’ஸின் முதலொலியில் குரல்நாண்கள் அதிரும், ‘திங்க்’கின் முதலொலியில் அதிரா. இந்த அதிர்வே ஒலிப்பு. முன்னதைத் ‘திஸ்’ ஒலி என்றும் பின்னதைத் ‘திங்க்’ ஒலி என்றும் இங்கே அழைக்கிறேன். உலக மொழிகளில் இவை அரியவை. கிரேக்கம், அரபி, ஐஸ்லாந்தியம், வெல்ஷ் போன்ற சிலவற்றில் உண்டு. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இல்லை. ஆங்கிலக் குழந்தைகளே மிகப் பிந்திக் கைவரப்பெறும் ஒலிகளுள் இவையும் அடங்கும்.

நம் வகுப்பறைகளில் இதற்குச் சொல்லப்படும் வழி ஒன்றுதான்: நாக்கைப் பற்களுக்கு இடையே வெளியே நீட்டு. இந்த அறிவுரை பெரும்பாலும் தீங்கே செய்கிறது என்பது என் கருத்து. முதலாவது, நீட்ட வேண்டிய கட்டாயமே இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் பலர் நாநுனியைப் பற்களின் பின்னாலேயே வைத்து இவ்வொலியை எழுப்புகின்றனர். இரண்டாவது, நீட்டிய நாக்கோடு விரைந்து பேச இயலாது. மூன்றாவதுதான் என்னை வருத்துவது. நாற்பது பேர் பார்க்க நாக்கை நீட்டச் சொல்லும்போது பதினாறு வயதுப் பிள்ளைக்கு நேரும் கூச்சம் சிறிதன்று. கூசிய நாக்கு இறுகும். இறுகிய நாக்கு பல்லை இன்னும் அழுத்தும். வேண்டிய நெகிழ்வுக்கு நேர் எதிரான விளைவு இது.

தமிழில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ‘தம்பி’, ‘பத்து’, ‘பந்து’, ‘அது’ ஆகிய நான்கிலும் எழுத்து ஒன்றே, ஒலிகள் மூன்று. ‘தம்பி’யிலும் ‘பத்து’விலும் ஒலிப்பற்ற அடைப்பொலி. ‘பந்து’வில் மூக்கொலியை அடுத்து வருவதால் ஒலிப்புடைய அடைப்பொலி. ‘அது’வில் இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்ட தகரம் அடைப்பை இழந்து, ஒலிப்புடன் நெகிழ்கிறது. சொல்முதலிலும் இரட்டிக்கும்போதும் ஒலிப்பின்மை, உயிர்நடுவே ஒலிப்பு என்னும் இந்த ஒழுங்கைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் ஒரு விதியாகவே வகுத்துக் காட்டினார்.

விதியை நூலில் தேடவேண்டியதுகூட இல்லை. ஆங்கில ஆட்சிக்கால ஊர்ப்பெயர்களே சாட்சி. தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’ ஆயிற்று, தூத்துக்குடி ‘டூட்டிக்கோரின்’, திருநெல்வேலி ‘டின்னவேலி’. மூன்றும் ‘டி’ என்ற எழுத்தில் தொடங்குபவை. மதுரையையும் சிதம்பரத்தையும் புதுக்கோட்டையையும் எழுதும்போதோ நடுவிலுள்ள தகரத்துக்கு ‘டீ’ என்னும் நான்காம் எழுத்தைப் போட்டார்கள். அயலார் செவி கேட்ட வேறுபாட்டை நம் செவி கேட்பதில்லை. நமக்கு இரண்டும் தகரம். பொருளைப் பிரிக்கும் அடிப்படை ஒலியாகிய ஒலியன் ஒன்றாக இருக்கும்போது, இடத்துக்கேற்ப மாறும் அதன் வடிவங்களாகிய மாற்றொலிகளைத் தாய்மொழியாளர் செவி பிரித்தறிவதில்லை என்பது மொழியியலின் பழைய பாடம்.

ஒரு நேர்மையான கேள்வி இங்கே எழும். மதுரையின் தகரம் அவ்வளவு உரசொலியாக இருந்தால், அதே ஒலியைத் தம் மொழியில் வைத்திருந்த ஆங்கிலேயர் ஏன் ‘டி-எச்’ போட்டு எழுதவில்லை? நம் ‘அது’வில் உரசல் மெலிது என்பதே விடை. நாக்கு பல்லை நெருங்குகிறது. காற்றின் அழுத்தம் குறைவு. ஆகவே ‘அது’வின் தகரமும் ‘திஸ்’ ஒலியும் முற்றிலும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. நாவின் இடமும் நெகிழ்வும் ஒன்று. மூச்சு சற்றுக் கூடவேண்டும். கற்பவர் கடக்க வேண்டிய தொலைவு அவ்வளவுதான்.

தொல்காப்பியப் பிறப்பியல் இதற்கு இரண்டு அருமையான சொற்களைத் தருகிறது. தகர நகரங்களுக்கு நாநுனி பரந்து பல்லின் அடியை ‘ஒற்ற’ வேண்டும் என்கிறது. ரகர ழகரங்களுக்கு நாநுனி அண்ணத்தை ‘வருட’ வேண்டும் என்கிறது. ஒற்றுதல், வருடுதல். ‘திஸ்’ ஒலியைக் கற்பிக்க நான் பயன்படுத்தும் சொற்கள் இவையே: தகரத்தின் இடத்தில் நாவை வை, ஒற்றாதே, வருடு. நாக்கை நீட்டு என்பதைவிட இது விரைவாகப் புரிகிறது, யாரையும் கூசவைப்பதுமில்லை.

இனி வலிய மறுப்பு ஒன்று. மாற்றொலியாக ஏற்கெனவே இருப்பது உதவியன்று, தடையே என்பார் உளர். ஸ்பானிய மொழியில் உயிர்களுக்கு நடுவே வரும், ‘டீ’ எழுத்தால் எழுதப்படும் பல்லொலி இப்படித்தான் நெகிழ்ந்து ‘திஸ்’ ஒலி ஆகிறது. ஆயினும் ஸ்பானியர் ஆங்கிலத்தில் ‘டே’, ‘தே’ என்னும் இரு சொற்களைப் பிரிக்க இடர்ப்படுகின்றனர். ராபர்ட் லாடோ 1957இல் எழுதிய நூல் முதல் இது பேசப்பட்டு வருகிறது. தாய்மொழியிலுள்ள ஒன்றை ஒத்த ஒலியே முற்றிலும் புதிய ஒலியைக் காட்டிலும் கற்கக் கடினம் என்று ஜேம்ஸ் ஃபிளேகி 1995இல் முன்வைத்த கோட்பாடும் இதற்குத் துணை நிற்கும்.

ஆனால் ஸ்பானியர் நிலை வேறு, நம் நிலை வேறு. ஸ்பானியருக்கு ஒலிப்புடைய பல்லொலி ஒன்றே உண்டு. ஆங்கிலத்தின் ‘டே’யும் ‘தே’யும் அந்த ஒரே வீட்டில் குடியேற வேண்டியிருக்கிறது. தமிழருக்கு டகரம் தனியே உண்டு. ‘டாக்டர்’, ‘டே’, ‘டேங்க்’ எல்லாம் டகரத்துக்குப் போய்விடுகின்றன. தகரம் காலியாக இருக்கிறது. அதை முழுவதுமாக ‘டி-எச்’ சொற்களுக்கே கொடுத்துவிட்டோம். ‘தேங்க்’கும் ‘டேங்க்’கும், ‘த்ரீ’யும் ‘ட்ரீ’யும் தமிழர் வாயில் ஒருநாளும் மயங்குவதில்லை. ஓர் ஒலியனை இரண்டாகப் பிளக்கும் வேலை ஸ்பானியருக்கு. அந்தச் சொற்களில் தகரத்தை ஒற்றாமல் வருடப் பழகுவது மட்டுமே நமக்கு. எளிதானதைக் கடினம் என்று சொல்லிச் சொல்லியே நாம் கடினமாக்கிவிட்டோம்.

நம் ஊர்ப்பெயர்களின் இன்றைய ஆங்கில எழுத்துமுறையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. தஞ்சாவூரையும் தூத்துக்குடியையும் இன்று ‘டி-எச்’ இட்டு எழுதுகிறோம். தகரத்தை டகரத்திலிருந்து பிரித்துக் காட்ட அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் செந்தில், கார்த்திக் என்று தன் பெயரையே அந்த எழுத்துகளோடு எழுதிப் பழகிய குழந்தைக்கு ‘டி-எச்’ என்றால் அடைப்பொலித் தகரம் என்பது ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே பதிந்துவிடுகிறது.

ஆங்கிலத்தின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்றைக் காட்டுகிறது. பழைய ஆங்கிலத்தில் இவ்விரண்டு ஒலிகளும் தனித்தனி ஒலியன்கள் அல்ல. சொல்லின் ஓரங்களில் ஒலிப்பின்மை, ஒலிப்புடைய ஒலிகளுக்கு நடுவே ஒலிப்பு: ஏறக்குறைய நம் தகரத்தின் ஒழுங்கே. ‘தோர்ன்’, ‘எத்’ என்று இரண்டு எழுத்துகள் கையில் இருந்தும் எழுதுவோர் அவற்றை ஒலிப்பு வேறுபாட்டுக்குப் பயன்படுத்தவில்லை. ஒன்றுக்கொன்று மாற்றாகவே எழுதினார்கள். அந்தப் பழைய ஒழுங்கின் தடம் இன்றும் உண்டு. குளியலைக் குறிக்கும் ‘பாத்’ ஒலிப்பின்றி முடிகிறது. குளிப்பதைக் குறிக்கும் ‘பேத்’ ஒலிப்போடு முடிகிறது. ஒரு காலத்தில் அதன் பின்னே ஓர் உயிர் இருந்தது. ‘மதர்’, ‘ஃபாதர்’, ‘பிரதர்’, ‘வெதர்’ போன்ற வீட்டுச் சொற்களின் நடுவொலி ஒலிப்புடையது. கிரேக்கத்திலிருந்து வந்த ‘மெத்தட்’, ‘மேத்தமேட்டிக்ஸ்’ போன்ற கல்விச் சொற்களில் அது ஒலிப்பற்றது. தமிழில் எழுதும்போது முன்னவற்றில் தகரம் ஒற்றையாகவும் பின்னவற்றில் இரட்டித்தும் வருவதைக் கவனிக்க. யாரும் சொல்லிக்கொடுக்காமலே நம் செவி இதைப் பிரித்திருக்கிறது.

சொல்முதலில் எப்போது ஒலிப்பு, எப்போது ஒலிப்பின்மை? ஆங்கில நூல்கள் இதற்கு ஒரு பட்டியலைத் தந்து மனப்பாடம் செய்யச் சொல்லும். தமிழ் இலக்கணம் படித்தவருக்குப் பட்டியல் வேண்டாம். ‘திஸ்’ என்றால் இது, ‘தட்’ என்றால் அது, ‘தேர்’ என்றால் அங்கே, ‘தென்’ என்றால் அப்போது, ‘தே’ என்றால் அவர்கள். அத்தனையும் சுட்டு! ‘தி’யும் ஒரு பழைய சுட்டின் தேய்வே. ஆங்கிலத்தில் சொல்முதலில் வரும் ‘திஸ்’ ஒலி ஏறத்தாழ முழுவதும் சுட்டுக்கே உரியது. நம் அகர இகரங்கள் செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது. ‘திங்க்’, ‘த்ரீ’, ‘தீஃப்’, ‘தம்ப்’ போன்ற சுட்டல்லாத சொற்கள் ஒலிப்பின்றித் தொடங்குகின்றன. இலக்கணச் சொல், பொருட்சொல் என்று பிரிக்கும் வழக்கமான விதி ‘த்ரூ’ என்ற இடைச்சொல்லிடம் தோற்கிறது. அது இலக்கணச் சொல்லாக இருந்தும் ஒலிப்பற்றது. சுட்டு என்னும் விதியோ இங்கே தோற்பதில்லை, ஏனெனில் ‘த்ரூ’ எதையும் சுட்டவில்லை.

பயிற்சிக்கு வருகிறேன். அந்த மாணவியிடம் முதலில் ‘பத்து’ என்று சொல்லி நடுத் தகரத்தை நீட்டச் சொன்னேன். நீட்ட முடிந்தது, ஆனால் கேட்டது மௌனம். அடைப்பொலியை நீட்டினால் அடைப்புதான் நீளும். அடுத்து ‘அது’. இதில் ஒரு கவனம் வேண்டும். நிறுத்தி நிதானமாகச் சொன்னால் நாக்கு எச்சரிக்கையாகி ஒற்றிவிடும். ‘அது எங்க போச்சு’ என்று பேச்சுவேகத்தில் சிலமுறை சொல்லிவிட்டு, பிறகு சிறிது சிறிதாக வேகத்தைக் குறைக்க வேண்டும். ஐந்தாறு முயற்சியில் அவளுக்கு உயிர்களின் நடுவே தேனீ முரல்வது போன்ற ஒலி கிடைத்தது. தொண்டையில் விரல் வைத்து அதிர்வைத் தொட்டுப்பார்த்தாள். முரல்வு கிடைத்தபின் கடைசி உயிரை மாற்றி ‘அதி’ என்றும், பிறகு ‘அ திஸ்’ என்றும் சொல்ல வைத்தேன். இறுதியாக முன்னிற்கும் அகரத்தை வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் மட்டும் சொல்லிக்கொண்டு தொடங்கச் சொன்னேன். ‘திஸ்’ ஒற்றாமல் வந்தது.

‘திங்க்’ ஒலிக்கு வழி இன்னும் சுருக்கம். ‘அது’வைக் கிசுகிசுத்துச் சொன்னால் குரல்நாண்களின் அதிர்வு நின்றுவிடுகிறது, நாவின் நெகிழ்வு மட்டும் எஞ்சுகிறது. அதில் மூச்சைக் கூட்டினால் ‘திங்க்’கின் முதலொலி. வாய்முன் பிடித்த உள்ளங்கையில் காற்று சீராகப் படவேண்டும். ‘தூண்’ என்று சொன்னால் அப்படிப் படாது.

இத்தனை பாடு எதற்கு என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். பன்னாட்டு ஆங்கிலத்தில் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ள இன்றியமையாத ஒலிகளை 2000இல் வரையறுத்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ் இவ்விரண்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அயர்லாந்தில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுவோர் பலர் நம்மைப்போலவே பல்லில் ஒற்றித்தான் சொல்கிறார்கள். ஆகவே தகரத்தை ஒற்றிப் பேசும் தமிழரைப் பிழையாகப் பேசுகிறவர் என்று எவரும் இழித்துரைக்க இடமில்லை. நேர்காணலில் இதற்காக மதிப்பெண் குறைப்பது அநீதி. ஆயினும் கற்க விரும்பி வருபவரிடம் ‘உனக்கு இது தேவையில்லை’ என்பது ஆசிரியர் செய்யும் வேலையன்று. தேவையா இல்லையா என்பதை அவரே முடிவு செய்யட்டும். முடியாது என்று மட்டும் அவர் எண்ணிவிடக் கூடாது.

தொடர்ப் பயிற்சியில் வரிசை முக்கியம். ‘டு தி’, ‘ஸீ திஸ்’, ‘கோ தேர்’ போல முன்சொல் உயிரில் முடியும் தொடர்களை முதலில் எடுக்க வேண்டும். தமிழின் உயிர்நடு நெகிழ்வு அங்கே தானாகவே கைகொடுக்கிறது. ‘ஆஃப் தி’, ‘இஸ் திஸ்’ போன்றவை அடுத்து. ஆகக் கடைசியில் ‘இன் தி’. மூக்கொலியைத் தொட்டதும் தமிழ் நா ‘பந்து’வின் வழக்கப்படி ஒற்றிவிடும், ‘இன் தி’ அப்படியே ‘இந்த’ ஆகிவிடும். ஆங்கிலேயரும் விரைந்து பேசும்போது இவ்விடத்தில் உரசொலியைப் பெரும்பாலும் மூக்கொலிக்குள் கரைத்துவிடுகிறார்கள் என்பதால் இதில் பிடிவாதம் தேவையில்லை. அந்த மாணவி மூன்றாம் வாரத்தில் ‘தி மதர் ஆஃப் திஸ் சைல்ட்’ என்பதை மூன்று இடத்திலும் வருடியே படித்தாள். ‘இன் தி’ மட்டும் அவள் வாயில் இன்னும் ‘இந்த’தான்.